வியன்னாவில் வெறுமையாக இருந்த இரண்டு கதிரைகள்

என் மகனே,

போன கிழமை நீ தொலைபேசியை வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு முன்னால் நான் சொன்ன சொல் உனக்கும் பிடித்திராது. “நான் ஒப்பந்தத்திலை கையெழுத்து வைக்கேல்லை அம்மா, டுசல்டோர்ஃபுக்குத் திரும்பி வாறன்” என்றாய். “வராதை” என்றேன். பெற்ற பிள்ளையிடம் அப்படிச் சொல்வேன் என்று நானே நினைத்திருக்கவில்லை. நீ படக்கென்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் எடுத்தாலும் நீ எடுக்கிறாய் இல்லை. தொலைபேசியில் நீயும் நானும் ஒருவர் வாயை ஒருவர் அடைப்பதுதான் வழக்கம், அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச ஏலாது. தமிழில்தான் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அழுது அழுது படித்த எழுத்துகளை வைத்துக் கூட்டி வாசி. மெதுவாகத்தான் வாசிப்பாய். அதுவும் நல்லதுதான், கோபமும் மெதுவாகவே வரும்.

வீட்டில் இப்போது நான் மட்டும். அப்பாவைக் காலையில் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே என்று பிறகு சொல்கிறேன், பயப்படாதே. இரண்டு வருடமாக இந்த வீட்டுக்குள் அவர் நடந்துகொண்டே இருந்தார். குசினியிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து யன்னலுக்கு, யன்னலிலிருந்து திரும்பவும் குசினிக்கு. “கொஞ்ச நேரம் இருங்கோவன்” என்று நான் கத்தாத நாள் இல்லை. இன்றைக்கு அவர் இல்லை. இப்போது நான் நடக்கிறேன். இந்த ஒரு பக்கத்தை எழுதுவதற்குள் எத்தனையோ தரம் எழும்பிவிட்டேன். குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றினேன், குடிக்கவில்லை. கதவுப் பூட்டைச் சரிபார்த்தேன். யாருக்காகப் பூட்டுகிறேன் என்று யோசித்துத் திறந்துவிட்டேன், பிறகு திரும்பவும் பூட்டினேன். எழுத்து அங்கும் இங்குமாக ஓடினால் அதுதான் காரணம்.

வியன்னாவில் அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்பதை நீ முழுதாகக் கேட்கவே இல்லை. நடுத்தெருவில் வைத்துப் பாதியைக் கேட்டாய், மீதிக்கு முன்னாலேயே சத்தம் போட்டாய். நானும் பாதியைத்தான் சொன்னேன். ஒரு விசயத்தை மறைத்தேன். நீ கையெழுத்து வைக்கிறதா இல்லையா என்று முடிவெடுக்கும் முன்னால் அதையும் அறிந்துகொள்வதுதான் நியாயம். அதனால் முதலிலிருந்து சொல்லுகிறேன்.

நீ கூப்பிட்டபோதே எல்லோரும் வேண்டாம் என்றார்கள். டொக்டர் அம்மா, “மறதி நோய் வந்தவரைப் புதிய ஊருக்குக் கொண்டுபோனால் குழப்பம் கூடும்” என்று தெளிவாகவே சொன்னார். ஆனால் உன்னுடைய குரல் என் காதில் நின்றது. “அம்மா, இந்த வாத்தியக் குழுவிலை என்னைச் சோதிச்சுப் பாக்கிற வருசத்திலை இதுதான் கடைசிப் பெரிய கச்சேரி. இதுக்குப் பிறகுதான் மற்ற ஆக்கள் வாக்குப் போடுவினம், என்னை வைச்சிருக்கிறதோ இல்லையோ எண்டு. நீங்கள் ரெண்டு பேரும் வந்து இருக்கவேணும். நான் நிக்கிற இடத்துக்கு நேரை, பக்க மாடத்திலை ரெண்டு கதிரை எடுத்து வைச்சிருக்கிறன்.” நீ எங்களிடம் எதையும் கேட்டுப் பழகாத பிள்ளை. அப்படிப்பட்ட நீ கேட்டாய், நாங்கள் போனோம்.

ரயில் டுசல்டோர்ஃபை விட்டதிலிருந்து அப்பா ஓரிடத்தில் இருக்கவில்லை. கொலோன் வந்ததோ, ஃபிராங்ஃபுர்ட் வந்ததோ எனக்குத் தெரியாது, அவருக்குப் பின்னால் பெட்டி பெட்டியாக நடந்ததுதான் தெரியும். பசாவ் தாண்டியபோது மலை, ஆறு, வெங்காயம் கவிழ்த்த மாதிரி உச்சி வைத்த தேவாலயங்கள் எல்லாம் யன்னலில் போயின. எதிரே இருந்த பெண் என் பக்கம் திரும்பி, “முதல் முறையா வியன்னாவுக்கு? அழகான நகரம், ஒவ்வொரு மூலையிலும் சங்கீதம்” என்றாள். நான் ஓம் என்று தலையாட்டிக்கொண்டே அப்பாவின் கோட்டைப் பிடித்திருந்தேன். அவர் குனிந்து அவளிடம், “சாரதி நல்லா ஓட்டுகிறான், ஆனால் வளைவில் கொஞ்சம் அவசரம்” என்று ஜெர்மனில் சொன்னார். எத்தனையோ வருசம் டிராம் ஓட்டின மனிசன் அல்லவா. அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை நீ எங்களுக்கு ஊர் காட்டினாய். பெரிய தேவாலயத்தின் நிறம் நிறமான கூரை, குதிரை வண்டிகள், பூங்காவில் வயலின் வாசிக்கும் தங்க மனிதனின் சிலை. நீ ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாய், இவர் இந்த வீட்டில் இருந்து எழுதினவர், அவர் அந்த வீட்டில் காது கேளாமல் இருந்தவர் என்று. உனக்கு அந்த ஊர் தெரிந்திருந்த மாதிரி டுசல்டோர்ஃபைக்கூடத் தெரியாது என்று எனக்குத் தோன்றியது. கச்சேரிச் சீட்டு விற்க, வெள்ளைப் பொய்முடியும் சரிகை வைத்த சிவப்புக் கோட்டும் போட்ட ஒருவன் முன்னால் வந்து, “டிக்கெட்?” என்று கேட்டானே, நினைவிருக்கா? அப்பா உடனே நிமிர்ந்து நின்று, பொக்கெட்டிலிருந்து டுசல்டோர்ஃப் டிராம் மாத அட்டையை எடுத்து அவனுக்குக் காட்டினார். பரிசோதகர் என்று நினைத்துவிட்டார். அந்தப் பொய்முடிக்காரன் அட்டையை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, “எல்லாம் சரி ஐயா, நன்றி” என்று திருப்பிக் கொடுத்தான். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்து முடித்ததும் உன் முகம் போன போக்கையும் நான் பார்த்தேன். அதுவரைக்கும் தொலைபேசியில் மட்டும்தான் உனக்கு அப்பாவின் நோய் தெரியும். அன்றைக்குத்தான் கண்ணால் கண்டாய். கோப்பிக் கடையில் அவர் இருப்பதும் எழும்புவதுமாக இருந்தபோது நீ கேக்கை வெட்டி வெட்டி வைத்தாயே தவிர வாயில் வைக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் கச்சேரி. நீ முன்னதாகவே போய்விட்டாய். நான் கத்தரிப்பூச் சேலை உடுத்தேன், நீ முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. அப்பாவுக்குக் கழுத்துப்பட்டி கட்டிவிட்டேன், கண்ணாடியில் தன்னைப் பார்த்து, “ஆர் கலியாணம்?” என்று கேட்டார். “மோன்ரை கச்சேரி” என்றேன். “ஓ” என்றார். நல்ல நாளாகத்தான் தொடங்கியது. ஹோட்டலிலிருந்து மண்டபம் நடக்கிற தூரம்தான். ஒப்பெரா மாளிகைக்கு முன்னால், டிராம் தரிப்பிடத்தடியில் மழை தூறத் தொடங்கியது. குடையை விரிக்கப் போனேன், சேலைக் கரை சப்பாத்துக்குக் கீழே மிதிபட்டு இழுபட்டது. குனிந்து அதை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான். நிமிர்ந்தபோது அவர் இல்லை.

முதலில் நான் பயப்படவில்லை, எரிச்சல்தான் வந்தது. இங்கேதான் எங்கேயோ நிற்பார் என்று நினைத்தேன். தரிப்பிடத்தைச் சுற்றினேன். நிலத்தடிப் பாதைக்குள் இறங்கி ஓடினேன். அங்கே கடைகளும் படிகளும் ஆட்களுமாக எட்டுத் திசையிலும் வழி போகிறது. ஒரு வழியாக ஏறிப் பார்த்தேன், திரும்பி இறங்கி இன்னொரு வழியாக ஏறினேன். “மண்ணிறக் கோட், இந்திய மாதிரி ஆள், வயசானவர், கண்டீர்களா?” என்று கண்டவரையெல்லாம் கேட்டேன். ஒருவர் இல்லை என்றார், ஒருவர் என் கையைப் பிடித்து, “போலீசைக் கூப்பிடுங்கள்” என்றார். அப்போதுதான் பயந்து போலீசைக் கூப்பிட்டேன். பெரிய வீதி, இரண்டு பக்கமும் வாகனம், தண்டவாளம், கொஞ்சத் தூரத்தில் ஆற்றுக் கால்வாய். அவருக்குத் தன் பெயர் சில நாட்களில் வரும், சில நாட்களில் வராது. ஹோட்டலின் பெயர் ஒருபோதும் வராது.

போலீஸ் வந்தது, ஒரு இளம் பொம்பிளையும் ஒரு ஆணும். நல்ல பிள்ளைகள். அந்தப் பொம்பிளைதான் எழுதினாள். பெயர், வயது, உயரம், என்ன நோய், என்ன மருந்து. பிறகு கேட்டாள், “வியன்னாவில் உங்களுக்கு உறவினர் யாராவது இருக்கிறார்களா? யாரையாவது கூப்பிட வேண்டுமா?”

நான் “இல்லை” என்றேன்.

உனக்கு நான் மறைத்த விசயம் இதுதான், மகனே. கூப்பிடு தூரத்தில் நீ இருந்தாய். மண்டபத்தின் கூரை அங்கிருந்து தெரிந்தது. ‘ஒரு மகன் இருக்கிறான், அந்தக் கட்டடத்துக்குள் நிற்கிறான்’ என்று சொன்னால், அந்தப் பொம்பிளைப் பிள்ளை ஓடிப்போய் உன்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்திருப்பாள். நீயும் வந்திருப்பாய். உன் ஆளுயரத் தந்தி வாத்தியத்தை, அந்தக் கொன்ராபாஸை, அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு, கறுப்புக் கோட்டோடு மழைக்குள் ஓடி வந்திருப்பாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் இல்லை என்றேன். அவள் போன பிறகு உனக்கு அந்தச் செய்தியை அனுப்பினேன்: “அப்பா களைச்சுப் போனார். ஹோட்டல் ரூமிலை நிக்கிறம். நீ வடிவா வாசி.” நீ உடனே ஒரு பெருவிரல் படத்தை மட்டும் அனுப்பினாய். அந்தப் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றேன்.

ஏன் அந்தப் பொய்யை அனுப்பினேன் என்று அன்றைக்கு நீ கேட்டாய். பிறகு நினைவு வந்ததைச் சொல்கிறேன். நீ சின்னவனாக இருந்தபோது இந்த நாட்டு மொழி எங்கள் வீட்டில் உன் வாயில் மட்டும்தான் இருந்தது. அப்பா குசினிகளில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலம் அது, இன்னும் டிராம் வேலைக்குப் படிக்கப் போகவில்லை. விசா அலுவலகத்தில் குறித்துத் தந்த டேர்மினுக்குப் போவதென்றால் நீ, டொக்டரிடம் என்றால் நீ, வீட்டுக்காரனோடு கதைக்க என்றாலும் நீ. நீ கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு அந்த மேசைகளுக்கு முன்னால் இருந்து பெரிய ஆட்களின் சொல்லையெல்லாம் மாற்றிச் சொன்னாய். பள்ளிக்கூடத்தில் இசைப் போட்டி நடந்த அன்று எனக்குப் பித்தப்பையில் குத்து வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அப்பா போய் உன்னை மேடைக்குப் பின்னாலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். நீ முணுமுணுக்கவே இல்லை. எனக்குப் பக்கத்தில் நின்று, டொக்டர் சொன்னதைத் தமிழாக்கி, “பயப்பிடாதைங்கோ அம்மா, சின்ன வெட்டுத்தானாம்” என்றாய். அன்றைக்கு எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, அதற்காக இன்று அழப் போவதும் இல்லை. ஆனால் வியன்னாவில் அந்தப் பொம்பிளை கேட்டபோது, திரும்பவும் உன்னை மேடைக்குப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டு வர என் நாக்கு எழும்பவில்லை.

இனி நடந்ததைக் கேள். போலீஸ் என்னை ஓரிடத்திலேயே நிற்கச் சொன்னது. என்னால் நிற்க முடியுமா? தரிப்பிடத்தின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை நடந்தேன். டிராம்கள் வந்து வந்து போயின. சிவப்பும் வெள்ளையுமாக, பழையது ஒன்று, புதியது ஒன்று. ஒவ்வொன்றும் நின்று, கதவு திறந்து, கதவு மூடி, மணி அடித்துப் புறப்பட்டது. அப்படி எத்தனை போயிருக்கும் தெரியாது, திடீரென்று எனக்கு ஒன்று விளங்கியது. நான் இவரை நடந்துபோன ஆளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். இவர் நடந்து போயிருக்க மாட்டார். கண்ணுக்கு முன்னால் டிராம் வந்து கதவைத் திறந்தால், இவருடைய கால் தானாக ஏறும்.

அடுத்து வந்த டிராமுக்கு முன்னால் போய், சாரதியின் கண்ணாடியில் தட்டினேன். அவர் கோபமாகத்தான் திறந்தார். நான் சொன்னேன், “என் கணவர் உங்களைப் போலச் சாரதி. இப்போது மறதி நோய். எந்த டிராமிலோ ஏறிவிட்டார். சாரதிப் பெட்டிக்குப் பின்னால்தான் நிற்பார், இருக்க மாட்டார்.” அவர் கோபம் போய்விட்டது. பின்னால் நின்ற டிராம்கள் மணி அடித்தன. அவர் கவனிக்காமல் ரேடியோவை எடுத்து மையத்தோடு கதைத்தார். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு ஒரு குரல். அவர் என் பக்கம் குனிந்து, “கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற லைனில், கடைசித் தரிப்பிடத்தில் ஒரு பெரியவர் இறங்க மாட்டேன் என்கிறாராம். கழுத்துப்பட்டி கட்டியிருக்கிறாராம். அவரா?” என்றார். ஓம் என்று தலையை ஆட்டினேன்.

அந்தக் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி முதல் நாள்தான் நீ சொல்லியிருந்தாய், பெரிய பெரிய இசைக்காரர்களெல்லாம் அங்கேதான் கிடக்கிறார்கள், திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன் என்று. நான் ஞாயிறே போனேன். மழை பெய்த யன்னலில் கல்லறைக் கல் செதுக்குகிற கடைகள், பூக்கடைகள், நீண்ட சுவர், ஒரு வாசல், இன்னொரு வாசல். டிராம் எத்தனை மெதுவாகப் போனது தெரியுமா? ஒவ்வொரு தரிப்பிடத்திலும் எழும்பி நின்றேன், திரும்ப இருந்தேன். அப்பாவைப் போலவே.

கடைசித் தரிப்பிடத்தில் சாரதிகள் ஓய்வெடுக்கிற சின்ன அறை ஒன்று. உள்ளே அப்பா கதிரையில் இருந்தார். அதைத்தான் முதலில் கண்டேன், அவர் நடக்காமல் இருந்ததை. அவருக்கு முன்னால் தேநீர்க் கோப்பை. எதிரே, கட்டையாக நரைமுடி வெட்டிய ஒரு சாரதி அம்மா மேசையில் முழங்கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இவர் கையால் மேசையில் தண்டவாளம் வரைந்து, ஈர இலை விழுந்த இடத்தில் எப்போது மணல் தூவ வேண்டும், எப்போது பிரேக்கைத் தொடவே கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அழகான ஜெர்மன். ஒரு சொல் தடுமாறவில்லை. என்னைக் கண்டதும் முகம் சுருங்கியது.

“நீர் ஏன் இஞ்சை வந்தனீர்? எனக்கு வேலை இன்னும் முடியேல்லை.”

“முடியட்டும், நான் இருக்கிறன்” என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்த அம்மா எழும்பி எனக்குத் தன் கதிரையைத் தந்தாள். “ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் முன்னால், ‘தயவுசெய்து கதவடியில் நிற்க வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டே வந்தார். பயணிகள் எல்லாரும் அவர் சொல்லைக் கேட்டார்கள். என் சொல்லை இப்படி ஒருவரும் கேட்டதில்லை” என்று சொல்லிச் சிரித்தாள். போலீசுக்கும் அவளே அறிவித்தாள். எனக்கும் தேநீர் தந்தாள். நான் குடித்தேன். சுவரில் மணிக்கூடு இருந்தது. இப்போது நீ வாசித்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன். உனக்கு எதிரே இரண்டு கதிரைகள் வெறுமையாக இருக்கும் என்றும் நினைத்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால், மகனே, எழும்ப மனம் வரவில்லை. அப்பாவின் கை இரண்டும் கோப்பையைச் சுற்றி அசையாமல் கிடந்தன. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தக் கைகள் சும்மா கிடந்தன. அவளுடைய முறை வந்ததும், தன் டிராமிலேயே எங்களை ஏற்றினாள். அப்பா அவளுக்குப் பின்னால் நின்றபடி ஊர் முழுக்க அறிவித்துக்கொண்டே வந்தார்.

மீதியை நீ அறிவாய். கலைஞர்கள் வருகிற பின்வாசலில் நாங்கள் நின்றோம். என் சேலை முழங்கால்வரை சேறு. நீ மற்ற வாத்தியக்காரர்களோடு வெளியே வந்தாய். அப்பா ஒவ்வொருவருடைய கையையும் பிடித்துக் குலுக்கி, “நல்ல வேலை, பத்திரமாக வீட்டுக்குப் போங்கள்” என்றார். அவர்களும் பணிவாகக் குலுக்கினார்கள். நீ என் சேலையைப் பார்த்தாய்.

“ரூமிலை நிக்கிறம் எண்டீங்கள்?”

சொன்னேன். பாதி கேட்டதுமே நீ வெடித்தாய்.

“நான் என்ன செய்தனான் தெரியுமா அம்மா? அந்த ரெண்டு கதிரையையும் பாத்துப் பாத்துக் கோபத்திலை வாசிச்சனான். ஒருநாள், ஒரேயொரு நாள் இவையளாலை வந்து இருக்க ஏலாதோ எண்டு. அப்பா நடுறோட்டிலை துலைஞ்சு போனார், நான் அவரைத் திட்டிக்கொண்டு வாசிச்சிருக்கிறன். அதை ஏன் எனக்குச் செய்தனீங்கள்?”

நான் உன் தோளைத் தொட வந்தேன். நீ தட்டிவிட்டாய். அப்பா நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, “சண்டை பிடிக்கிறதெண்டா வெளியிலை போய்ப் பிடியுங்கோ, இது வேலை செய்யிற இடம்” என்றார். நாம் வெளியில்தான் நின்றோம், மழைக்குள்.

அன்று நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியாது. அவர் வாகனத்தில் அடிபட்டிருந்தால் நீ என்னை மன்னித்திருக்கமாட்டாய், நானும் என்னை மன்னித்திருக்கமாட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் உன்னைக் கூப்பிட்டே இருப்பேன், விரல் உன் பெயருக்கு மேலேதான் நின்றது. அதனால் நான் தைரியமான தாய் என்று நினைக்காதே. ஆனால் நீ கோபத்தில் வாசித்ததை நினைத்து வெட்கப்படாதே. நாங்கள் வரவில்லை என்று உனக்கு வலித்தது. எங்களை நீ எதிர்பார்த்தாய், அதனால்தானே வலித்தது. எனக்கு அது கேட்க நன்றாகவே இருந்தது, தெரியுமா? எப்போதும் எங்களைத் தாங்கிக்கொண்டே நின்ற பிள்ளை ஒருதரமாவது எங்கள் மேல் கோபப்பட்டது.

இப்போது உன்னை வைத்திருப்பது என்று அவர்கள் வாக்குப் போட்டுவிட்டார்கள். இந்தச் செய்தியை நீ எனக்குச் சொன்ன அதே மூச்சில், வேண்டாம் என்று எழுதப் போகிறேன், டுசல்டோர்ஃபில் இசைப்பள்ளியில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க இடம் இருக்கிறது, அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். நீ வந்தால் என்ன நடக்கும் என்று நான் இந்த வீட்டுக்குள் நடந்து நடந்து யோசித்துப் பார்த்தேன். முதல் கிழமை நல்லாக இருக்கும். பிறகு கொன்ராபாஸ் கீழ் அறைக்குப் போகும், ஏனென்றால் அப்பா அதைக் கண்டால் பயப்படுவார் என்றோ, அயலார் முறையிடுவார்கள் என்றோ ஒரு காரணம் வரும். நீயும் அவருக்குப் பின்னால் குசினிக்கும் கதவுக்கும் யன்னலுக்கும் நடப்பாய். நீ முகம் சுளிக்கமாட்டாய். “பயப்பிடாதைங்கோ அம்மா” என்பாய். எனக்கு அதைத்தான் பார்க்க ஏலாது. இரண்டு பேர் நடக்கிற வீட்டில் மூன்றாவது ஆளும் நடக்க வேண்டுமா?

அதனால் நான் ஒன்று செய்தேன். முதியவர்களைப் பகலில் வைத்துப் பார்க்கிற இடம் ஒன்று நம்முடைய பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் வானில் கூட்டிக்கொண்டு போவார்கள், பின்னேரம் கொண்டுவந்து விடுவார்கள். விண்ணப்பம் எழுத ஜெர்மன் வேண்டும், நீ இல்லை. நானே எழுதினேன், பிழை பிழையாக. எல்லாம் விளங்கியதாகச் சொன்னார்கள். நம்மவர்கள் சிலர் கதைக்கிறார்கள், புருசனை வெள்ளைக்காரரிடம் தள்ளிவிட்டாள் என்று. கதைக்கட்டும். அவர்களில் ஒருத்தர்கூட அவருக்குப் பின்னால் நடந்ததில்லை. முதல் நாள் நான் கூடப் போனேன். அங்கே முற்றத்தில் சும்மா பொய்க்கு ஒரு பஸ் தரிப்பிடப் பலகையும் இருக்க ஒரு மர வாங்கும் போட்டிருக்கிறார்கள், வீட்டுக்குப் போகவேண்டும் என்று துடிக்கிறவர்கள் அதில் போய் இருந்து ஆறிவிடுவார்களாம். அப்பா அந்தப் பலகையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பராமரிக்கிற பெண்ணிடம், “இந்தப் பக்கம் எந்த லைனும் ஓடுவதில்லை, சும்மா ஏமாறாதீர்கள்” என்று சொல்லிவிட்டு, வாங்கிலிருந்த மற்றவர்களையும் எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண் என்னைப் பார்த்து, “இவர் எங்களுக்கு வேலை வைப்பார்” என்றாள். அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

கையெழுத்தை வை. நாளைக்கு என்று தள்ளாதே, நீ தள்ளிப்போட்டால் உன் நல்ல மனம் உன்னைக் கெடுத்துவிடும். எங்களுக்காக இல்லை என்றும் சொல்லமாட்டேன், எங்களுக்காகவும்தான். வியன்னாவில் ஒரு மேடையில் நீ நிற்கிறாய் என்பது இந்த வீட்டுக்குள் நடக்கும்போது எனக்கு ஒரு பிடி. உனக்கு ஒருநாள் பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளையும் உன்னைத் தாங்கவேண்டிய காலம் வந்தால், அதைத் தாங்கவிடு, ஆனால் எப்போது போதும் என்று நீதான் சொல்லவேண்டும். பிள்ளைகள் அதைத் தாங்களாகச் சொல்லமாட்டார்கள். நீ சொல்லவில்லை. அதனால்தான் தொலைபேசியில் நான் அந்தக் கெட்ட சொல்லைச் சொன்னேன். வராதே என்றால் கண்ணில் முழிக்காதே என்று அர்த்தம் இல்லை, பைத்தியக்காரா. கட்டில் மேசையோடு வராதே என்றுதான் அர்த்தம். இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு, சின்னப் பையோடு வா. சாப்பிடு, நித்திரைகொள், திரும்பிப் போ.

ஆனால் வருமுன் ஒன்றை நீ அறிந்திருக்கவேண்டும், வாசலில் வைத்து நீ திடுக்கிடக்கூடாது என்று சொல்கிறேன். நேற்று அப்பா சுவரிலிருந்த உன் படத்துக்கு முன்னால் நின்றார். நடக்காமல், கனநேரம் நின்றார். நான் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

“இஞ்சாரும், இந்தப் பெடியன் ஆர்?” என்று கேட்டார்.

கத்தியைக் கீழே வைத்தேன். “இசைக்காரன். வியன்னாவிலை பெரிய மேடையிலை வாசிக்கிறவன். எங்கடை வீட்டுக்கு வரப்போறான்” என்றேன்.

திரும்பவும் படத்தைப் பார்த்தார். நல்ல வடிவான பெடியன் என்றார். பிறகு சேட்டின் கொலரைச் சரிசெய்துகொண்டு கேட்டார். நீ பிறந்த நாளிலிருந்து உன்னை ‘அவன்’, ‘இவன்’, ‘எங்கையடா போனாய்’ என்று மட்டுமே கூப்பிட்ட மனிசன், முன்பின் தெரியாத ஒரு பெரிய ஆளைப் பற்றிக் கேட்கிற மாதிரி அவ்வளவு மரியாதையாகக் கேட்டார்:

“எப்ப வாறார்?”

அம்மா